தப்பாகப் பதில் சொல்லத் தெரியாத வகுப்பு

ஆறாம் வகுப்பு, காலை இரண்டாவது பீரியட். எங்கள் கல்லூரி பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் அப்சர்வேஷன் நோட்டோடு நான். கரும்பலகையில் 1/2 + 1/3.

"யாரு சொல்றீங்க?"

மூன்றாவது வரிசைப் பையன் ஒருவன் துள்ளி எழுந்தான். "அஞ்சுல ரெண்டு மிஸ்."

"தப்பு. உட்காரு. அடுத்து?"

அடுத்தவனும் அதையேதான் சொன்னான். அவனும் உட்கார்ந்தான். நான்காவதாக எழுந்த ஒரு பெண் "ஆறுல அஞ்சு" என்றாள். "வெரி குட், எல்லாரும் கை தட்டுங்க." தட்டினார்கள். முதலில் எழுந்த பையனும் சேர்ந்து தட்டினான். பாடம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டது.

இதில் எனக்கு உறுத்தியது அந்த மாணவி அல்ல. அதற்கு முந்தைய செமஸ்டர் இன்டர்னலில் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பற்றியும், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி தேவைப்படும்வரை மட்டும் உதவி தருகிற 'சாரம் கட்டிக் கற்பித்தல்' பற்றியும் நான்கு பக்கம் எழுதியவள் அவள். அழகாக எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டது நான்தான். கற்பவரால் தனியாக முடிவதற்கும் துணையோடு முடிவதற்கும் இடையில் உள்ள மண்டலம், அந்த இடத்தில் தரவேண்டிய தற்காலிக உதவி, எல்லாம் விடைத்தாளில் இருந்தது. வகுப்பில் ஒரு பையன் அந்த மண்டலத்திலேயே எழுந்து நின்றபோது அவள் வாயில் வந்தது "உட்காரு."

வகுப்பு முடிந்து வராந்தாவில் கேட்டேன். "அந்தப் பையன் ஏம்மா அப்படிச் சொன்னான்?"

"கவனிக்கல மேடம்."

இன்டர்வெல்லில் அவனைப் பிடித்துக் கேட்டேன். கவனிக்காதவன் பேசுகிற மாதிரி இல்லை. "டெஸ்ட் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியில ஒரு மார்க், மூணு மார்க் கேள்வியில ஒரு மார்க் வாங்கினா, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுன்னுதான மிஸ் போடுவீங்க?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பதினொரு வருடமாகக் கணிதம் கற்பித்தல் தாள் எடுக்கிறேன். பெல் அடித்து என்னைக் காப்பாற்றியது. அன்று பஸ்ஸில் வரும்போதுதான் பிடிபட்டது: மார்க்கில் அவன் சொல்வது சரி. அங்கே இரண்டும் வேறு வேறு முழுமைகள். ஒன்று இரண்டு மார்க், இன்னொன்று மூன்று மார்க். பின்னக் கூட்டலிலோ இரண்டும் ஒரே தோசையின் துண்டுகள். அவனிடம் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "அரை தோசை தின்னுட்ட. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் திங்கற. இப்ப மொத்தம் அரை தோசையை விடக் குறைச்சலாவா இருக்கும்?" ஏனென்றால் ஐந்தில் இரண்டு, அரையை விடக் குறைவு. அவனே "ஐயோ" என்று தலையில் தட்டிக்கொண்டிருப்பான்.

இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் படிப்பின் எந்தத் தாளும் அந்தப் பெண்ணுக்குக் கற்றுத் தரவில்லை. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

பயிற்சி மாணவர்கள் தங்களுக்குள்ளேயே சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுகிற மைக்ரோ டீச்சிங், பி.எட். படித்த எல்லாருக்கும் தெரியும். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி இங்கே வந்து, என்.சி.இ.ஆர்.டி. வடிவத்தில் 36 நிமிடச் சுழற்சியாக நிலைத்தது: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறு திட்டம், மறு கற்பித்தல் 6, மறு பின்னூட்டம் 6. நல்ல அமைப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மாணவர்களாக உட்கார்ந்திருப்பது யார்? தோழிகள். ஒரே ஹாஸ்டல், ஒரே டிபன் பாக்ஸ். தோழி கேள்வி கேட்டால் தோழி தப்பாகப் பதில் சொல்வாளா? "ஆறில் ஐந்து டீச்சர்" என்று கோரஸாக வரும். தப்பே செய்யாத ஒரு வகுப்பில் பழகிவிட்டு, அப்படியே ஆறாம் வகுப்புக்குள் நுழைகிறார்கள். அங்கே வருகிற முதல் தப்பு அவர்களுக்கு அதிர்ச்சி.

ஆக என் வேலை, தப்பான பதில்களைக் கல்லூரிக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். வகுப்பறையில் நடந்ததைச் சின்னச் சின்னக் காட்சிகளாக எழுதி, பயிற்சி மாணவர்களுக்குக் கொடுப்பது. சொல்லும்போது எளிது.

முதல் வருடம் நான் எழுதிய காட்சிகளை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். "குமார் ஒரு ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவனது தந்தை மதுப்பழக்கத்துக்கு அடிமையானவர்..." என்று ஆரம்பித்து, தாய் கூலி வேலை, மூத்த அக்கா திருமணம் எல்லாம் கடந்து, கடைசிப் பத்தியில்தான் குமார் கழித்தல் கணக்கில் 42 − 17 = 35 என்று போடுவான். நாற்பது பேரும் என்ன எழுதினார்கள் தெரியுமா? "தந்தையை அழைத்து ஆலோசனை வழங்குவேன்." "குமாருக்கு அன்பும் அரவணைப்பும் தருவேன்." ஏழில் இருந்து இரண்டைக் கழித்து 5 போட்டிருக்கிறானே, மேலே சின்ன எண் இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று ஒரு விதி அவனே வைத்திருக்கிறானே, அதைத் தொட்டவர் இரண்டே பேர். தப்பு என்னுடையது. கதை கொடுத்தேன், கதைக்குத் தீர்வு கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் வெட்டினேன். இப்போது என் காட்சிகள் அரைப் பக்கத்தைத் தாண்டாது. எட்டு வரி, பத்து வரி. எந்த வகுப்பு, எந்தப் பாடம், பலகையில் என்ன இருக்கிறது, குழந்தை என்ன சொன்னது அல்லது எழுதியது. அவ்வளவுதான். குழந்தையின் வார்த்தையோடு காட்சி நின்றுவிட வேண்டும். ஆசிரியர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால். அப்பா குடிப்பது முக்கியமில்லை என்று சொல்லவில்லை; ஆனால் அது வேறு காட்சி, வேறு நாள்.

ஒவ்வொரு காட்சிக்கும் கீழே மூன்று கேள்விகள். குழந்தை என்ன செய்திருக்கிறது? எந்த யோசனையில் செய்திருக்கலாம்? நீங்கள் அடுத்துப் பேசும் வாக்கியம் என்ன?

மூன்றாவதில் ஒரு கறாரான நிபந்தனை வைத்தேன். அது மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். "புரியும்படி எடுத்துரைப்பேன்", "ஊக்கப்படுத்துவேன்", "செயல்பாடு வழியாக விளக்குவேன்" இதெல்லாம் செல்லாது. வாயைத் திறந்து குழந்தையிடம் என்ன சொல்வாயோ, அந்தப் பேச்சு அப்படியே. இந்த ஒரு நிபந்தனை செய்த வேலையை வேறெதுவும் செய்யவில்லை என்பேன். முதல் தடவை நிபந்தனை போட்டபோது வகுப்பு பத்து நிமிடம் கப்சிப். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பாடத்திட்ட மொழி கையை விட்டுப் போனதும் அவர்கள் திகைத்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் நாங்கள் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் அந்த மொழியைத்தான் என்று புரிந்தது.

"மேடம், இது எக்ஸாமுக்கு வருமா?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. வராது என்றேன். பாதிப் பேனாக்கள் மூடிக்கொண்டன. அதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல மருந்து கிடையாது. இன்டர்னலில் ஐந்து மதிப்பெண்ணை இதற்குத் தள்ளிவைத்தேன், கொஞ்சம் திறந்தன.

திகைத்தவர்களை அப்படியே விட முடியாதே. இங்கேதான் சாரம் என் வகுப்புக்கே தேவைப்பட்டது. அவர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, அவர்களுக்கு அதைக் கட்டாமல் விட்டிருந்தேன்.

இடையில் ஒன்று. நம் மாணவர்கள் பலர் இந்தச் சொல்லையே வைகாட்ஸ்கி சொன்னதாக எழுதுகிறார்கள். அவர் 1934லேயே காலமாகிவிட்டார். கற்பித்தலுக்கு இந்த உவமையைக் கொண்டுவந்தது 1976ல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. மூன்று முதல் ஐந்து வயது வரையான 30 குழந்தைகள், 21 மரத்துண்டுகளைச் சேர்த்து ஒரு பிரமிட் கட்டுவது. கூட ஒரு பெரியவர். அவர் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்பதுதான் ஆய்வு. ஆறு வேலைகளைப் பட்டியலிட்டார்கள்: ஆர்வத்தைப் பிடிப்பது, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதைக் குறைப்பது, திசை மாறாமல் வைப்பது, முக்கியமானதைச் சுட்டுவது, சலித்துப்போகாமல் பார்ப்பது, செய்து காட்டுவது. இதில் "பார்க்க வேண்டியதைக் குறைப்பது" என்பதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் காட்சிகள் சுருங்கியது அதனால்தான்.

முதல் மாதம் மூன்றாம் கேள்விக்கு நானே மூன்று பதில்கள் தந்தேன். 1/2 + 1/3 காட்சிக்கு: ஒன்று, "தப்பு, மீ.சி.ம. எடுக்கணும்." இரண்டு, "நல்ல முயற்சி, வேற யாராவது?" மூன்று, அந்தத் தோசைக் கேள்வி. எது, ஏன் என்று இரண்டிரண்டு பேராகப் பேச வேண்டும். நிறையப் பேர் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள். அதில் "நல்ல" இருக்கிறதே. அந்த "நல்ல முயற்சி"க்குப் பிறகு பையனுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை, தன் பதில் தப்பா சரியா என்றுகூட. அன்பாகச் சொன்ன "உட்காரு" அது.

அந்த முதல் மாதம் முழுக்க நானும் ஒன்று செய்தேன். புதிதாக ஒரு காட்சியை, முன்னால் பார்க்காமல் எடுத்து, என் யோசனையை வாய்விட்டுச் சொன்னேன். "இங்க எனக்குக் கோபம் வருது. ஏன்னா நேத்துதான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். சரி, கோபத்தை விடு. இவன் பகுதியையும் கூட்டியிருக்கான்..." நான் தடுமாறியதைப் பார்த்தபோதுதான் அவர்கள் தைரியமாக எழுதத் தொடங்கினார்கள். நான் சரளமாகச் சொன்ன நாட்களில் குறிப்பு எடுத்தார்கள், அவ்வளவே.

இரண்டாம் மாதம் வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் தந்தேன். "நீ ... கூட்டினதைப் பார்த்தேன்", "இது சரின்னா ... எப்படி இருக்கும்?" மிச்சம் அவர்களுடையது. மூன்றாம் மாதம் வெறும் காட்சி.

மைக்ரோ டீச்சிங்கையும் விடவில்லை. அந்த 6 நிமிடத்துக்குள் ஒரு தோழியிடம் ரகசியமாக ஒரு சீட்டு கொடுத்துவிடுவேன். "பகுதியையும் கூட்ட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறாய். ஒரு தடவை சொன்னால் விட்டுக்கொடுக்காதே." பிடிவாதச் சீட்டு என்று பிள்ளைகளே பேர் வைத்தார்கள். வகுப்பின் முகமே மாறிவிட்டது. சாதுவான ஒரு பெண், "இல்ல டீச்சர், மார்க்ல அப்படித்தான கூட்டுறோம்?" என்று ஆறு நிமிடமும் நின்றாள். கற்பித்தவளுக்கு வியர்த்துவிட்டது. பின்னூட்ட நேரத்தில் "குரல் நன்றாக இருந்தது, பலகையைப் பயன்படுத்தியது அருமை" என்ற வழக்கமான பேச்சு ஒன்றும் இல்லை. சண்டைதான்.

தமிழ் கற்பித்தல் எடுக்கும் சக பேராசிரியைக்கு இதில் ஆசை வந்து, ஒரு காட்சி எழுதித் தந்தார். என் காட்சிகள் எல்லாவற்றையும் விட அது நல்ல காட்சி:

ஆறாம் வகுப்பு. "என் ஒரு நாள்" பற்றி எழுதியதை ஒரு மாணவி எழுந்து வாசிக்கிறாள். நோட்டில் இருப்பது: "காலையில் குளித்துவிட்டு பல்லிக்கு போவேன்." பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், இவ பல்லிக்குப் போறாளாம்!" வகுப்பு சிரிக்கிறது. அவள் நோட்டை மூடுகிறாள்.

ஒரு மணி நேரம் ஓடியது. முதலில் சிரிப்பைக் கவனிப்பதா, ளகரத்தைக் கவனிப்பதா? சிரித்தவனைத் திட்டினால் அந்தப் பெண் மீது இன்னும் நான்கு பேர் கண் விழும். திட்டாமல் விட்டால் அவள் இனி எழுந்து வாசிக்கவே மாட்டாள். ஒருவர், "நாக்கை மடிச்சுச் சொல்லும்மா, பள்ளி" என்று எழுதியிருந்தார். தென் மாவட்டப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், அவ தப்பா உச்சரிக்கல. அவளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் காதுல விழுது. காதுல விழாதது கைல எப்படி வரும்?" அதனால் முதலில் அவளை எழுத வைக்காமல் கேட்க வைக்க வேண்டும், பல்லி–பள்ளி, கிலி–கிளி என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி, ள வந்தால் கை தூக்கு, அதுவும் வகுப்பு முழுக்க. இப்படிச் செய்தால் சிரித்தவனும் பாதியில் மாட்டுவான் என்றான். மாட்டுவான்தான், எங்கள் வகுப்பிலேயே நான்கு பேர் மாட்டினார்கள். சிரிப்பை முதலில் கவனிப்பதா என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. எனக்கும் அந்தச் சக பேராசிரியைக்கும் அதில் இன்றும் ஒத்துப்போகவில்லை.

சாரத்தைக் கட்டியதை விடப் பிரித்ததில்தான் நான் அதிகம் தடுக்கி விழுந்தேன்.

ஒரு பேட்ச்சுக்கு அந்த வாக்கியத் தொடக்கங்கள் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எனக்கும்தான், விடைகள் பார்க்க அழகாக இருந்தன. மூன்றாம் மாதம் எடுக்க வேண்டியதை எடுக்காமல் வருடம் முழுக்க விட்டேன். இன்டர்ன்ஷிப்பில் போய்ப் பார்த்தால், ஒரு பையன் யார் என்ன சொன்னாலும் "அப்படியா? எப்படிக் கண்டுபிடிச்சே?" என்கிறான். சரியான பதிலுக்கும் அதேதான், தப்புக்கும் அதேதான், "பாத்ரூம் போகட்டுமா சார்" என்பதற்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டாம் நாளே ஒரு சிறுமி கேட்டுவிட்டாள்: "சார், எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்கறீங்க."

அதற்கடுத்த பேட்ச்சில் பயந்துபோய் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் உருவினேன். பத்துப் பேர் பழையபடி "ஊக்கப்படுத்துவேன்" மொழிக்கு ஓடிவிட்டார்கள். மாதக் கணக்கு வைத்துச் சாரத்தைப் பிரிக்க முடியாது என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. இப்போது ஆளைப் பார்த்துத்தான். ஒரு காட்சியில் தடுமாறினால் அடுத்த காட்சியில் கொஞ்சம் கூட்டித் தருவது, சமாளித்துவிட்டால் அடுத்ததில் குறைப்பது. நாற்பது பேருக்கு இது கஷ்டம். நோட்டின் மூலையில் 3, 2, 1 என்று பென்சிலில் போட்டுவைக்கிறேன். 3 என்றால் விடைகளோடு வரும் தாள், 2 தொடக்கங்களோடு, 1 வெறும் காட்சி. ஒரே காட்சி, மூன்று தாள். ஜெராக்ஸ் செலவு கொஞ்சம் கூடும்.

ஒரு நாள் கொத்தனார் மகள் ஒருத்தி சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ரெக்கார்டு நோட்டுக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்துத் தோழியைக் காட்டி, "எங்கப்பா சாரத்துல நின்னு சுவருக்குத்தான் பெயிண்ட் அடிப்பாரு. நாம சாரத்துக்கே அடிக்கிறோம் மேடம்" என்றாள். பாடத்திட்டம் எழுதும் படிவமும் ஒரு சாரம்தான். எழுத எழுத யோசனை பழக வேண்டும் என்பதற்காகப் போட்டது. அதை அட்டை போட்டு, அடிக்கோடு போட்டு, எக்ஸ்டர்னலுக்கு அடுக்கி வைக்கிறோம். அந்த வாரம் ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். ரெக்கார்டு எண்ணிக்கை குறையவில்லை.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒழுங்கு சம்பந்தமான காட்சிகளை ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். போன் கொண்டுவந்த பையன், டெஸ்க்கில் தாளம் போடுகிற பையன் என்று கொடுத்தால் வகுப்பு பட்டிமன்றமாகி, ஆளாளுக்குத் தன் பள்ளிக்கால நியாயத்தைப் பேசுவார்கள். பாடப்பொருள் தப்பிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது, காட்சியை இட்டுக்கட்டாதீர்கள். நான் உட்கார்ந்து யோசித்து எழுதிய தப்புகள் எல்லாம் பெரியவர்கள் செய்கிற தப்பாகவே இருந்தன. குழந்தைகளின் தப்பு அவர்கள் நோட்டில்தான் கிடைக்கும். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அதனால் இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வார இன்டர்ன்ஷிப்பில், வாரத்துக்கு ஒரு காட்சி எழுதி வரச் சொல்கிறேன். பாராட்டுப் பெற்ற வகுப்பு வேண்டாம், உங்களுக்கு வாயடைத்துப்போன இடம் வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வாரம் யாருக்கும் வாயடைக்கவே இல்லையாம். மூன்றாவது வாரத்திலிருந்து வரத் தொடங்கின.

அடுத்த பேட்ச்சுக்கு நான் முதலில் கொடுக்கப்போவது, போன டிசம்பரில் ஒரு மாணவி எழுதித் தந்தது. அவள் அன்று பையனிடம் "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துவிட்டாள். மறுநாள் என்ன சொன்னாள் என்பது தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

ஏழாம் வகுப்பு, தசம எண்கள். பலகையில் ஒரு எண்கோடு. ஆசிரியை 4.5ஐக் குறித்துவிட்டு, "இதுக்கும் அஞ்சுக்கும் நடுவுல என்னென்ன எண் வரும்?" என்று கேட்கிறார். விளையாட்டுப் பீரியடில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற பையன் எழுகிறான்.

"எண்ணெல்லாம் வராது மிஸ். நடுவுல ஒரே ஒரு பால்தான்."